முந்தின ராத்திரியே உப்பு

செவ்வாய் பொங்கல் முடிந்தால்தான் எங்கள் வீட்டில் வான்கோழி. தைப் பொங்கலுக்கு அடுத்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை, நாட்டரசன்கோட்டை கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்னால் நகரத்தார் குடும்பங்கள் வரிசையாகப் பானை வைப்பார்கள். முதல் பானை யாருக்கு என்பதைச் சீட்டெடுத்து முடிவு செய்வார்கள். அதற்காகவே சிங்கப்பூரிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்வார்கள். வருஷமெல்லாம் பூட்டிக் கிடந்த முகப்புக் கதவுகள் திறக்கும். அம்மன் காரியம் முடிந்து, புதன் சாயங்காலம் பறவை வீட்டுக்கு வரும். வியாழன் மதியம் விருந்து. வெள்ளிக்கிழமை மறுபடி சைவம்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தது அக்கா மகள். டல்லாஸில் இருக்கிறாள். அங்கே நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு முழு வான்கோழியை அவன் அடுப்பில் சுடுவார்கள். "அம்மான், நம்ம ஊர்ல ஒரு தடவை செஞ்சு பார்ப்போமே" என்று கேட்டாள். அந்த வருஷம் கோழிக்குச் செய்வதுபோலவே செய்தோம். தோலை உரித்துவிட்டு, காலையில் மசாலா தடவி, மதியத்துக்குள் ஒரு பேக்கரி அடுப்பில் வைத்து எடுத்தோம். நெஞ்சுக்கறி தேங்காய் நாராக வந்தது. தொடை எலும்போரம் இன்னும் சிவப்பு மாறவில்லை. வெளியே இருந்த மசாலா ஒரு நூல்கூட உள்ளே இறங்கவில்லை. பத்துப் பேர் சாப்பிட வந்த வீட்டில் அப்படி ஆனது எனக்குப் பெரிய வருத்தம்.

காரணத்தைச் சொன்னது எங்கள் அடுப்படியை முப்பது வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் சமையல்கார அம்மாதான். "உப்புக்கண்டத்துக்கு எப்பண்ணே உப்பு போடுவோம்? கறி வந்த கையோட போடுவோம்ல? இம்புட்டுப் பெரிய உடம்புக்கு அடுப்புல ஏத்தற நேரத்துல போட்டா எப்படி ஏறும்?"

அதுதான் விஷயம். உப்பு முதலில் கறியிலிருந்து நீரை வெளியே இழுக்கும். அந்த நீரிலேயே கரைந்து, சில மணி நேரத்தில் மெல்லத் திரும்ப உள்ளே போகும். போகிற வழியில் தசையிலுள்ள புரதத்தை இளக்கி, சூட்டில் சுருங்கி நீரைப் பிழிந்துவிடாதபடி பண்ணும். வான்கோழி நெஞ்சில் கொழுப்பு மிகக் குறைவு. அதனால் இந்த நீர் போனால் ஈடுகட்ட வேறு எதுவும் இல்லை. மிளகாயும் பட்டையும் மேல்தோலோடு நின்றுவிடும். ஆழம் வரை போகிற சுவை உப்பு ஒன்றுதான். ஆட்டுக்கறியும் மிளகாயும் சின்ன வெங்காயமும் பூண்டும் மட்டும் போட்டு உப்புக்கறி சமைக்கிற ஊர் இது. அந்தப் பெயரிலேயே பாடம் இருந்தும் நாங்கள் கவனிக்கவில்லை.

இந்தப் பறவை நமக்குப் பழசு இல்லை. மெக்சிகோவில் வளர்ப்புப் பறவையானது. ஸ்பானியர்கள் வழியாக 1500களில் ஐரோப்பா போனது. 1612ல் முகர்ரப் கான் கோவாவிலிருந்து கொண்டுவந்த வான்கோழியைக் கண்டு ஜஹாங்கீர் வியந்து, அதைப் படமாக எழுதச் சொன்னார். மன்சூர் வரைந்த அந்தப் படம் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் துருக்கி என்று பெயர் வைத்தார்கள், துருக்கியர் ஹிந்தி என்கிறார்கள், டச்சுக்காரர்கள் நம் கோழிக்கோட்டின் பெயரால் கல்கூன் என்றார்கள். மூதுரையில் வான்கோழி வருகிறதே என்று கேட்கலாம். அந்தப் பாட்டு கொலம்பஸுக்கு முந்தியது என்றால் அதில் வருவது வேறு ஏதோ பறவையாகத்தான் இருக்க வேண்டும்.

நம் பக்கம் வளர்ப்பதற்கென்றே நந்தனம் வான்கோழி-1 என்ற ரகம் இருக்கிறது. நாட்டுக் கறுப்பையும் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளையையும் சேர்த்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியது. முழுசாகச் சுட, சுத்தம் செய்தபின் 5 கிலோ தேறும் இளம் பறவை போதும். கிழட்டுச் சேவலைக் குழம்புக்கு விட்டுவிடுங்கள். கறிக்கடையில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: தோலை உரிக்கக் கூடாது. வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கி, மஞ்சள் தடவித் தீயில் வாட்டித் தரச் சொல்லுங்கள். தோல்தான் அந்த நெஞ்சுக்குக் குடை.

கிலோவுக்கு 10 கிராம் கணக்கில் பொடித்த கல்லுப்பு. நெஞ்சுத் தோலுக்குள் விரலை விட்டு மெல்லப் பிரித்து, பாதி உப்பைக் கறியின் மேலேயே தேய்க்க வேண்டும். மீதி வயிற்றுக்குள்ளும் தொடையிலும். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில், மூடாமல். காலையில் தோல் காகிதம் மாதிரி காய்ந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மசாலாவில் நான் கறார். கல்பாசி, மராட்டி மொக்கு எல்லாம் அள்ளிப் போட்டால்தான் செட்டிநாடு என்பது ஓட்டல்கள் பரப்பிய நினைப்பு. வான்கோழியின் மணம் மெல்லியது. ராமநாதபுரம் குண்டு மிளகாய், சோம்பு, மிளகு, சின்ன வெங்காயம், பூண்டு. அம்மியில் அரைத்து நல்லெண்ணெயில் குழைத்துத் தோலுக்கு அடியில் பூசினால் போதும்.

அவன் அடுப்பு தேவையில்லை. பெரிய தேக்சாவின் அடியில் பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய கரும்பைத் துண்டு போட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவோம். கறி அடிப்பிடிக்காது. கரும்பின் மணம் ஆவியோடு மேலே ஏறும். பறவையை நெஞ்சு கீழாகக் கவிழ்த்து, ஒரு தம்ளர் தண்ணீர் விட்டு, மூடியின் ஓரத்தை மாவால் அடைத்து, கீழேயும் மூடி மேலேயும் சீமைக்கருவேலங்கரிக் கங்கு. வயலைக் கெடுத்த மரம்தான். ஆனால் அதன் கரி நின்று எரியும். ஒன்றரை மணி நேரம் கழித்து நிமிர்த்திப் போட்டு, இன்னும் ஒரு மணி நேரம். கடைசி இருபது நிமிஷம் மூடி மேல் கங்கு கூடுதலாக இருந்தால் தோல் சிவந்து முறுகும். அக்கா மகள் கொண்டுவந்த கறி வெப்பமானி தொடை மூட்டில் 74 டிகிரி காட்டினால் இறக்கிவிடலாம். அது இல்லாதவர்கள் கத்தியால் குத்திப் பார்க்கலாம். வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். அரை மணி நேரம் யாரையும் தொடவிடாதீர்கள். சூட்டோடு வெட்டினால் ராத்திரி முழுக்கக் காத்த சாறு பலகையில் ஓடிவிடும்.

போன தை மாதம் பந்தியில் முதலில் தீர்ந்தது நெஞ்சுக்கறி. எலும்புகளை மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்து, சாறு இறக்கி, வியாழன் ராத்திரியே இட்லியோடு முடித்துவிட்டோம். விடிந்தால் வெள்ளிக்கிழமை, அதற்குள் தேக்சாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாக வேண்டும்.