ஆறாவது வாரத்து வியர்வை

பால் குடிக்கும் குழந்தைக்கு நெற்றி வியர்க்கிறது. நாலு வாய் உறிஞ்சுகிறது, விட்டுவிடுகிறது, மூச்சு வாங்குகிறது, மறுபடி தேடுகிறது. அரை மணி நேரத்தில் வயிறு நிறைய வேண்டிய பிள்ளை ஒரு மணி நேரம் கழித்தும் பசியோடு அழுகிறது. மும்பை தேவ்நார் குப்பை மேட்டை ஒட்டிய சிவாஜி நகரிலோ பைங்கன்வாடியிலோ, தகரக் கூரைக்குக் கீழே இது நடந்தால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அங்கே எல்லோருக்கும் வியர்க்கிறது.

அந்த வியர்வை வெயிலால் வந்ததாக இல்லாமல் இருக்கலாம். உயிரோடு பிறக்கும் 1000 குழந்தைகளில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு இதயத்தின் அமைப்பிலேயே ஏதோ ஒரு குறை இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படிப் பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முதல் வயது முடிவதற்குள் சிகிச்சை தேவை. இந்தக் கணக்கு பணக்காரப் பேட்டைக்கும் குடிசைக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் வசதியான வீட்டில் எடை ஏறாத குழந்தை ஒரு செய்தி. தேவ்நாரில் அது அன்றாடம்.

கோவண்டி, தேவ்நார், மான்குர்டு எல்லாம் மாநகராட்சியின் ‘எம் கிழக்கு’ வார்டில் வருகின்றன. 2009-இல் வெளியான மும்பை மனித வளர்ச்சி அறிக்கை நகரின் 24 வார்டுகளில் இதைத்தான் கடைசியில் வைத்தது. 1927 முதல் நகரத்தின் குப்பை இங்கே கொட்டப்படுகிறது. 2016 ஜனவரியில் மேடு பற்றி எரிந்தபோது புகை செயற்கைக்கோள் படங்களிலேயே தெரிந்தது. மெலிந்த பிள்ளைகள், ஓயாத இருமல், காசநோய் எல்லாம் இங்கே சர்வசாதாரணம். இந்தக் கூட்டத்துக்குள் இதயக் கோளாறு ஒளிந்துகொள்கிறது. என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

அது எப்படி ஒளிகிறது என்று பார்ப்போம். கருவில் குழந்தையின் நுரையீரலுக்கு வேலை இல்லை. மூச்சுக்காற்று தாயிடமிருந்தே வருவதால் ரத்தம் நுரையீரலைச் சுற்றிக்கொண்டு போக இரண்டு குறுக்கு வழிகள் திறந்திருக்கும். பிறந்து முதல் அழுகையில் நுரையீரல் விரிந்ததும் இந்த வழிகள் மெல்ல மூடத் தொடங்கும். ஆனால் நுரையீரல் ரத்தக்குழாய்களின் இறுக்கம் ஒரே நாளில் தளர்வதில்லை, சில வாரங்கள் பிடிக்கும்.

இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஓட்டை இருக்கும் குழந்தைதான் இந்த வகையில் அதிகம். பிறந்த அன்று இரு பக்க அழுத்தமும் ஏறக்குறைய சமம். ஓட்டை வழியாக ரத்தம் அதிகம் பாயாது, மருத்துவரின் காதுக்கும் ஒன்றும் கேட்காது. குழந்தை நல்லபடியாக இருக்கிறது என்று மகப்பேறு மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு அது உண்மையும்தான். நாலு முதல் ஆறு வாரத்துக்குள் நுரையீரல் பக்கம் அழுத்தம் இறங்குகிறது. மும்பையின் ‘சால்’ அடுக்குக் குடியிருப்பில் கீழ்வீட்டுக்காரர் குழாயைத் திறந்துவிட்டால் மேல்வீட்டுக்குத் தண்ணீர் ஏறாதது போல, உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு ஓட்டை வழியாக நுரையீரலுக்கே பாய்கிறது. நுரையீரல் நனைந்து கனக்கிறது, மூச்சு வேகமாகிறது. இதயம் இரட்டை வேலை செய்கிறது. அந்த உழைப்பின் வியர்வைதான் நெற்றியில் துளிர்ப்பது.

குடிக்கும் பாலைவிடச் செலவாகும் சக்தி அதிகம் என்பதால் எடை நின்றுவிடும். வீட்டில் ‘சவலைப் பிள்ளை’ என்பார்கள். அங்கன்வாடியின் எடை வரைபடத்தில் கோடு தட்டையாகும், ஊட்டச்சத்துப் பொட்டலம் கிடைக்கும். நனைந்த நுரையீரலில் தொற்று எளிதில் பிடிப்பதால் நிமோனியா திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் சந்து முனை டாக்டர் மருந்து கொடுப்பார். சிறிது தேறும், மறுபடி வரும். புகைதான் காரணம் என்று எல்லோரும் நம்புவதற்கு அங்கே புகையும் இருக்கிறது.

இதில் கெடு ஒன்று உண்டு. பெரிய ஓட்டையை அப்படியே விட்டுவைத்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் தடித்து இறுகும். அழுத்தம் தலைகீழாகி, அசுத்த ரத்தம் உடம்புக்குள் திரும்பிவிடும். 1897-இல் விக்டர் ஐசன்மெங்கர் விவரித்த இந்த நிலை வந்தபின் ஓட்டையை அடைத்தால் நோயாளியையே இழக்க நேரிடும். முதல் வயதுக்குள் அறுவை செய்தால் ஏறக்குறைய முழுச் சுகம். அதே குழந்தை பத்து வயதில் வந்தால் மருத்துவர் கையைப் பிசைவதைத் தவிர வழியில்லாமல் போகலாம்.

வேறு சில கோளாறுகள் ஆறு வாரம்கூடக் காத்திருப்பதில்லை. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெருங்குழாய்களும் இடம் மாறி முளைத்த குழந்தைக்குக் குறுக்கு வழிகள் மூடும் முதல் நாட்களிலேயே உயிர் ஊசலாடும். நீலம் பாரிப்பது நம் நிறத்துப் பிள்ளைகளிடம் எளிதில் தெரியாது. நகத்தைப் பார்த்தால் போதாது, நாக்கைப் பார்க்க வேண்டும். அதைவிட நம்பகமானது, கொரோனா காலத்தில் வீடு வீடாக நுழைந்த ஆக்ஸிமீட்டர். சிவப்பும் அகச்சிவப்புமாக இரண்டு ஒளிகளைச் செலுத்தி, ஆக்ஸிஜன் ஏற்ற ரத்தம் எவ்வளவு என்று அது கணக்கிடுகிறது. 1970-களில் ஜப்பானின் டக்குவோ அவோயாகி இந்த வழியைக் கண்டார். பிறந்து 24 மணி நேரம் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் மாட்டிப் பார்க்க வேண்டும். 95-க்குக் கீழே இருந்தாலோ, கைக்கும் காலுக்கும் மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ மறுபடி பார்த்து, அப்படியே நீடித்தால் எக்கோ என்னும் இதய ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். சில நிமிட வேலை. கருமையான தோலில் இது சற்று உயர்த்திக் காட்டக்கூடும் என்பதால் எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணை நம்பி விட்டுவிடக் கூடாது.

நடுச்சுவர் ஓட்டையை இந்தக் கருவி பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. அதைப் பிடிக்க ஆறாவது வாரம் வேண்டும். நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணையில் பிறப்புக்குப் பிந்தைய முதல் ஊசி நாள் ஆறாவது வாரத்தில்தான் வருகிறது. ஓட்டை தன்னைக் காட்டத் தொடங்கும் அதே வாரத்தில் தாயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். ஊசி போடுகிறவர் மூன்றே கேள்விகள் கேட்கலாம்: பால் குடிக்கும்போது வியர்க்கிறதா, விட்டு விட்டுக் குடிக்கிறதா, எடை ஏறியதா? பிறகு ஒரு நிமிடம் மூச்சை எண்ணலாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகம். இதற்கு மருத்துவப் பட்டம் வேண்டாம். குடிசைகளில் நடந்து திரியும் ஆரோக்ய சேவிகாக்களே செய்துவிடுவார்கள்.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். அணுசக்தி மையத்துக்காக 1976-இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களின் சீட்டா கேம்ப், தமிழர் நிறைய வாழும் பகுதி, இதே வார்டில்தான் இருக்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது இன்னும் மாறவில்லை. ஊருக்குப் போய்ப் பெற்று, சில மாதம் கழித்துக் கைக்குழந்தையோடு ரயிலேறுகிறார்கள். ஊசி அட்டை அங்கே, ரேஷன் அட்டை இங்கே. ஊரில் பார்த்த நர்ஸம்மாவுக்குப் பின்கதை தெரியாது, இங்குள்ள சேவிகாவுக்கு முன்கதை தெரியாது.

வராமலே தடுக்கக்கூடிய ஒரு பங்கும் உண்டு. 1941-இல் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த 78 குழந்தைகளில் பலருக்கு இதயமும் பழுதாகியிருப்பதைக் கண்டார். அநேகமாக எல்லாத் தாய்மார்களுக்கும் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா தொற்று வந்திருந்தது. இதயம் உருவாவது மூன்றாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் நடுவில்; பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றதே தெரியாத காலம் அது. ஆகவே காப்பு அதற்கு முன்பே உடம்பில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2017-இலும் மகாராஷ்டிரத்தில் 2018-இலும் தட்டம்மை–ருபெல்லா ஊசி முகாம்கள் தொடங்கின. 2022 இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, முதலில் பற்றியது கோவண்டியில். ஊசி விடுபட்ட பிள்ளைகள் எங்கே நிறைய என்று நகரம் அப்போது தெரிந்துகொண்டது. தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் அது ஒரே ஊசி. அன்று விடுபட்ட சிறுமிகள் வளர்ந்து தாயாகும்போது, ஊசியில் விழுந்த அந்த ஓட்டை அவர்கள் பிள்ளைகளின் இதயத்தில் தெரியக்கூடும். அக்கா மகள், மாமன் மகள் கல்யாணமும் அபாயத்தை ஓரளவு கூட்டுகிறது. கிரகணத்தில் வெளியே வந்ததற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மாமியார்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவின் முதல் இதய மாற்று அறுவையை 1968-இல் பி.கே. சென் செய்த கே.இ.எம். மருத்துவமனை பரேலில் இருக்கிறது. கோவண்டியில் ஹார்பர் ரயிலேறி குர்லாவில் மாறினால் ஒரு மணி நேரத்துப் பயணம். பணத்துக்கு மாநில அரசின் மகாத்மா ஜோதிபா புலே காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பிள்ளைகளின் பிறவிக் குறைகளைத் தேடிப் பிடிக்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013-இல் தொடங்கியதே மகாராஷ்டிரத்தின் பால்கரில்தான். ஆனாலும் குப்பை பொறுக்குபவருக்கும் ஜரி வேலைக்காரருக்கும் தடையாக நிற்பது வேலைக்குப் போகாத நாட்களில் இழக்கும் கூலி: எக்கோவுக்கு ஒரு நாள், அறிக்கைக்கு ஒரு நாள், முத்திரைக்கு ஒரு நாள், படுக்கைக்கு வாரக்கணக்கில் காத்திருப்பு. இந்த அலைச்சலில் கூடவே நடக்க ஒரு ஆளை மாநகராட்சி சம்பளம் கொடுத்து நியமித்தால், கெடு தாண்டும் குழந்தைகள் கணிசமாகக் குறைவார்கள் என்று நம்புகிறேன்.

சிகிச்சை முடிந்த பெற்றோருக்கு ஒரு சொல். ஓட்டை அடைத்த பிள்ளையைப் பொத்திப் பொத்தி வீட்டில் வைக்க வேண்டியதில்லை. மருத்துவர் தடுக்காதவரை ஓடி விளையாடலாம், எல்லா ஊசிகளையும் போட வேண்டும். பல் சொத்தையை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி இதயத்தில் போய்த் தங்கக்கூடும். பல் பிடுங்கப் போனால், இதயத்தில் அறுவை நடந்தது என்று முதலிலேயே சொல்லுங்கள்.