பழைய படம் இருக்கிறதா?

எமது கதிரியக்கப் பிரிவுக்கு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, “பழைய படம் ஏதேனும் இருக்கிறதா?” என்பது. “இருந்தது, வீட்டில் எங்கேயோ கிடக்கும்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. வீடு மாறியபோது எறிந்துவிட்டோம் என்பார் சிலர். பழைய ஃபிலிம்களில் வெள்ளி கலந்திருப்பதால், பழைய பொருள் வாங்குவோர் அவற்றை விரும்பி எடுத்துச் செல்வதும் உண்டு. சூரிய கிரகணத்தன்று பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்கள் என்று சொல்வோரும் உளர். எக்ஸ்ரே ஃபிலிம் கண்ணைக் காக்காது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

அந்தப் பழைய படத்தை நாங்கள் ஏன் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறோம்? அடிக்கடி நிகழும் ஒரு நிலைமையைக் கொண்டு விளக்குவோம்.

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் குடலிறக்க அறுவைக்காக வருகிறார். அறுவைக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது. அவருக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆயினும் வலது நுரையீரலின் மேற்பகுதியில் பட்டாணி அளவில் ஒரு வெண்புள்ளி தெரிகிறது. இது என்ன? என்றோ வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பாக இருக்கலாம். நம் நாட்டில் அது மிகவும் சாதாரணம். புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். சில வேளைகளில் அது சட்டைப் பொத்தானாகவோ, தோளின் முன்புறம் விழுந்த சடைப்பின்னலின் நிழலாகவோ இருந்துவிடும். சடையைத் தூக்கிக் கட்டச் சொல்வதும், சங்கிலியைக் கழற்றச் சொல்வதும் இதற்காகத்தான். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாத தாய்மார்கள் தயங்காமல் சொல்லலாம்; நெஞ்சு எக்ஸ்ரேயில் அதனைப் படத்தின் எல்லைக்கு வெளியே ஒதுக்கிக்கொள்ள வழி உண்டு.

எக்ஸ்ரே என்பது அடிப்படையில் ஒரு நிழல். 1895ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ராண்ட்கன் தம் மனைவியின் கையைப் படமெடுத்தபோது, எலும்புகளும் விரலில் இருந்த மோதிரமும் நிழலாய்ப் பதிந்தன. இன்றும் முறை அதுவே. விலா எலும்பு, இதயம், நுரையீரல் யாவும் ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுகின்றன. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன் அந்தக் குறையைப் பெரிதும் நீக்கியது. உடலைக் குறுக்குவெட்டாகக் காண முடிந்தது. ஆனால் எவ்வளவு தெளிவான படமாயினும், அது எடுக்கப்பட்ட நேரத்தின் நிலையை மட்டுமே காட்டும். புள்ளி நேற்று வந்ததா, பத்து ஆண்டுகளாக இருப்பதா என்பதை அந்த ஒரு படத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்வது பெரும்பாலும் இயலாது.

பழைய படம் இல்லையெனில், அந்த நோயாளிக்கு அடுத்து சி.டி. ஸ்கேன். அதிலும் ஐயம் தீராவிடில், சில மாதங்கள் காத்திருந்து மீண்டும் ஒரு ஸ்கேன். அல்லது ஊசி செலுத்தித் திசு எடுக்கும் பயாப்சி. நுரையீரலில் ஊசி செலுத்தும்போது காற்றுக் கசிந்து நெஞ்சறையில் தேங்கும் அபாயம் உண்டு. ஒரு நெஞ்சு சி.டி. ஸ்கேனில் உடல் பெறும் கதிர்வீச்சு, இயற்கையிலிருந்து ஏறக்குறைய ஈராண்டுகளில் நாம் பெறும் அளவுக்குச் சமம். தேவையானபோது அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தேவையின்றி அதனை இரட்டிப்பாக்குவானேன்? செலவு ஒருபுறம். காத்திருக்கும் அந்த மாதங்களில் வீட்டில் எவரும் நிம்மதியாக உறங்குவதில்லை என்பதையும் நாங்கள் அறிவோம்.

இப்போது, பரணிலிருந்து ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய எக்ஸ்ரே ஒன்று கிடைத்துவிட்டதாகக் கொள்வோம். அதிலும் அதே இடத்தில், அதே அளவில், அதே புள்ளி. ஈராண்டுகளுக்கு மேல் வளராத கெட்டியான புள்ளி புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பெரும்பாலும் அறுவை சிகிச்சையைத் திட்டமிட்டபடி தொடரலாம். மாறாக, பழைய படத்தில் அவ்விடம் வெறுமையாக இருந்தால், புள்ளி புதியது. ஒரு வாரமும் தாமதிக்கலாகாது. முடிவு எதுவாயினும் அந்தப் பழைய உறை உதவிவிட்டது.

படத்துக்கு நிகராக நாங்கள் வேண்டுவது உங்கள் வாய்மொழி. படத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் கதிரியக்க மருத்துவரைப் பெரும்பாலான நோயாளிகள் நேரில் காண்பதே இல்லை. அவர் கையில் இருப்பது படமும், சீட்டில் எழுதப்பட்ட “வயிற்று வலி” என்ற இரு சொற்களும் மட்டுமே. வலி எப்பக்கம், எத்தனை நாளாக, முன்பு என்ன அறுவை நடந்தது என்பது தெரிந்தால் அவர் பார்க்கும் பார்வையே வேறு.

இங்கு ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். முன்பு காசநோய் வந்ததைக் குடும்பத்தார் மறைக்கிறார்கள். மகளுக்கு வரன் பார்க்கும் வேளை, உறவினர் உடன் வந்திருக்கிறார்கள் என்பன போன்ற காரணங்கள். அவற்றை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மறைத்த அந்தச் செய்தியே நாங்கள் தேடும் விடையாக இருக்கக்கூடும். மாதவிலக்கு தள்ளிப்போயிருப்பதும் அவ்வாறே; எக்ஸ்ரேக்கும் சி.டி.க்கும் முன்னரே அது எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். தனியாகப் பேச விரும்புகிறேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், உடன் வந்தவர்களை வெளியே அமரச் செய்வோம்.

அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுவருவது போதாது, படமும் வேண்டும். குறுந்தகடு கொடுத்திருந்தால் அதுவே சிறந்தது. கைப்பேசியில் எடுத்த நிழற்படத்தில் நுண்ணிய மாற்றங்கள் தெரிவதில்லை. வேறொன்றும் இல்லாதபோது அதையாவது காட்டுங்கள். ஃபிலிம்களை மடிக்காமல், ஈரமில்லாத இடத்தில், உறையின்மேல் பெயரும் தேதியும் எழுதி வைக்க வேண்டும். இப்போது அச்சிடப்படும் ஃபிலிம்களுள் பல வெப்பம் பட்டால் கறுத்துவிடும். ஆதலால் தகரக் கூரையின் கீழும், வெயிலில் நிறுத்திய காரினுள்ளும் அவற்றை விட்டுவைக்கலாகாது.

வேறு மருத்துவமனையில் எடுத்த படமாயிற்றே என்று தயங்க வேண்டா. பார்த்து முடித்தபின் மறவாமல் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். உரியவர் வாராத உறைகள் எங்கள் அலமாரியில் ஏற்கெனவே பல உள்ளன.