புழுவின் நரம்பும் பரம்பரை ஏடும்

“கேவலம் ஒரு புழுவை ஆராய்வதற்கு அறிஞர் தம் வாழ்நாளைச் செலவிடுதல் தகுமோ?” எனத் தமிழ் வகுப்பில் மாணவனொருவன் எம்மை வினவினான். நாம் இலக்கணம் கற்பிப்பவர். விலங்கியலில் வல்லுநர் அல்லேம். எனினும், அவ்வினாவுக்கு விடை தேடிப் படித்த பொழுது, எமது எழுத்திலக்கணப் பாடத்துக்கு அணித்தான ஓர் உண்மையை அப்புழுவினிடத்தே கண்டோம். அதனை இம்மலரின் வாயிலாகப் பழைய மாணவரோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

அப்புழுவின் பெயர் சீனோராப்டிற்றிஸ் எலிகன்ஸ். வட்டப்புழு இனத்தைச் சேர்ந்தது; ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் நீளமுடையது; அழுகும் தாவரப் பொருள்களிலே பற்றீரியாக்களை உண்டு வாழ்வது. அதன் உடல் கண்ணாடிபோல் ஊடு தெரிவதாதலின், உயிரோடிருக்கும் போதே அதன் கலங்களை நுணுக்குக்காட்டியிற் காணலாம். சிட்னி பிறெனர் என்னும் அறிஞர் 1960களிலே கேம்பிறிட்ஜில் இதனைத் தம் ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு கலமும் எதன் வழி வந்தது என்னும் வமிச வரலாறு 1983 இல் நிறைவெய்திற்று. நரம்புத் தொகுதியின் முழு அமைப்பும் 1986 இல் வெளியாயிற்று. இருபாற் புழுவின் நரம்புக்கலங்கள் 302. அவை 118 வகையின. பிறெனர், ஹொர்விற்ஸ், சல்ஸ்ரன் என்னும் மூவரும் 2002 இல் நொபெல் பரிசு பெற்றனர்.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. இக்கலங்கள் யாவும் ஒரே கருமுட்டையின் வழி வந்தவை. ஒவ்வொன்றும் தன் கருவினுள் வைத்திருப்பது ஒரே பரம்பரை ஏடு. அதில் எழுதப்பட்ட, புரதங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000. அங்ஙனமாயின், ஒரு கலம் தொடுகையை உணர்வதும், மற்றொன்று உப்பை அறிவதும், பிறிதொன்று தசையை இயக்குவதும் எங்ஙனம்?

ஏடு ஒன்றேயாயினும், எந்தக் கலமும் அதன் எல்லா இதழ்களையும் படிப்பதில்லை. எதனை விரிப்பது, எதனை மூடி வைப்பது என விதிப்பன சில புரதங்கள். அவை ஏட்டின் குறித்த இடங்களைப் பற்றி நின்று, உரிய பரம்பரையலகுகளைத் தொழிற்படுத்தும், அல்லது அடக்கும். இவற்றை ஒழுங்காக்கும் புரதங்கள் என்போம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். மெல்லிய தொடுகையை உணரும் நரம்புக்கலங்கள் இப்புழுவில் ஆறு உள. புருவமயிர் ஒன்றினால் தலைப்பக்கத்தைத் தடவின், நல்ல புழு பின்னோக்கி நகரும். மாட்டின் சல்பி என்பாரும் பிறரும் இவ்வாறு தடவியும் அசையாத புழுக்களைத் தேடி ஆராய்ந்து, அன்க்-86, மெக்-3 என்னும் இரு பரம்பரையலகுகளின் தொழிலை அறிந்தனர். அன்க்-86 பழுதுற்றால் அவ்வாறு கலங்களும் தோன்றுவதில்லை. மெக்-3 பழுதுற்றால் கலங்கள் தோன்றும். ஆனால் தொடுகையை உணரும் இயல்பைப் பெறா. நலமுள்ள புழுவில், முன்னையது பின்னையதைத் தொழிற்படுத்தும். பின்னர் இரண்டன் புரதங்களும் கூடித் தொடுகைக்கு வேண்டிய ஏனைய இதழ்களை விரிக்கும்.

அன்க்-86 தொடுகைக்கு மட்டும் உரியதன்று. தொண்டைப் பகுதியிலுள்ள ஒரு சோடிக் கலங்களில் அது வேறொரு புரதத்தோடு சேர்கின்றது. அங்கே செரற்றோனின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பு உருவாகின்றது. தமிழ் கற்றார்க்கு இது விளங்குதற்கு அரிதன்று. உயிர் 12, மெய் 18. இவை கூடப் பிறக்கும் உயிர்மெய்யோ 216. ஓர் உயிரே சேரும் மெய்க்கு ஏற்ப வேறு வேறு எழுத்தாகின்றதன்றோ? புழுவிலே இரண்டேயன்றிப் பலவும் கூடுதல் உண்டு. ஹோமியோபொக்ஸ் என்னும் ஒரு குடும்பத்துப் பரம்பரையலகுகளின் கூட்டினாலேயே 118 வகைகளையும் வேறு வேறாக அடையாளங் காணலாம் என்பதை, ஒலிவர் ஹோபேட்டும் அவர்தம் குழுவினரும் 2020 இல் காட்டினர்.

இன்னுமொன்று கருதத்தக்கது. மெக்-3 தன் புரதத்தின் துணையால் தன்னைத்தானே தொழிற்படுத்திக்கொண்டே இருக்கும். நரம்பின் இயல்பு ஒருமுறை பெற்றதோடு அமைவதன்று, நாடோறும் காக்கப்படுவது. காவல் தவறின் நேர்வதென்ன? அன்க்-86 இன் உறவான ஒரு பரம்பரையலகு மனிதரின் உட்செவியிலும் தொழிற்படுகின்றது. இஸ்ரேலிலே ஒரு குடும்பத்தாரிடம் அது பழுதுற்றிருத்தல் 1998 இல் அறியப்பட்டது. அவர்கள் பிறவிச் செவிடர் அல்லர். பேச்சும் பாட்டும் கேட்டு வளர்ந்தவர்கள். வளர்ந்த பின்னரே அவர்தம் கேள்விப்புலன் சிறிது சிறிதாகக் குன்றிற்று.

புருவமயிரால் ஒரு புழுவைத் தடவிப் பெற்ற அறிவு, மனிதன் செவியிழக்குங் காரணத்தை விளங்கிக்கொள்ளவும் துணையாகின்றது. மாணவனிடம் இவற்றைக் கூறிய பின்னர், “உன் வினாவிலுள்ள ‘கேவலம்’ என்னும் சொல்லை நீக்கி, அதனை மீண்டும் எழுதுக” என்றோம். அவன் எழுதினான், எழுதிய பின் அவ்வினாவுக்கு விடை வேண்டியிருக்கவில்லை.