தனியாளாக டேட்டாபேஸ் வேலை செய்பவரா? முதலில் இவற்றைப் படியுங்கள்

ஆரக்கிளில் வேலை செய்பவர்களுக்கு பிஎல்/எஸ்க்யூஎல் டெவலப்பர் என்ற கருவியைத் தெரியும். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். அதன் கிராக் பிரதிகள் சீனாவில் பரவலாகச் சுற்றின. எல்லா வசதிகளும் ஒழுங்காக வேலை செய்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டேட்டாபேஸுடன் இணைந்த மறுகணம் தானாக ஓடுவதற்காக 'ஆஃப்டர்கனெக்ட்' என்றொரு சிறு கோப்பு அந்தக் கருவியுடன் வரும். அசல் பிரதியில் அதற்குள் எதுவும் இருக்காது. கிராக் பிரதியில் யாரோ சில ட்ரிகர்களையும் ஸ்டோர்டு புரொசீஜர்களையும் எழுதி வைத்திருந்தார்கள். டேட்டாபேஸ் உருவாகி 1,200 நாள் ஆகிவிட்டதா என்று அவை பார்க்கும். ஆகவில்லையென்றால் பேசாமல் கிடக்கும். ஆகியிருந்தால் டேபிள்களைக் காலி செய்துவிட்டு, 5 பிட்காயின் அனுப்பச் சொல்லித் திரையில் எழுதும். பழைய டேட்டாபேஸில்தான் விலைமதிப்புள்ள தகவல் இருக்கும் என்ற கணக்கு. 2016-ல் வெளியே தெரிந்த இந்த வினை 2018-ல் மறுபடி தலைகாட்டியது. டேட்டாபேஸுக்குள்ளேயே குடியேறிவிடுவதால் முழு பேக்கப் எடுத்தாலும் அதுவும் கூடவே போகும்.

சீனக் கதைதானே என்று விட முடியாது. கோவையில் நூல் மில்லுக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர், நாமக்கல்லில் லாரி ஆபீசுக்கு புக்கிங், மதுரையில் நகைக்கடைக்கு பில்லிங் என்று தனியாளாக எழுதிக் கொடுத்துப் பிழைப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களில் பலர் பையில் இன்னமும் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. அதில் ஒரு 'கீஜென்', ஒரு 'பேட்ச்', ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும் என்ற குறிப்பு. கம்பெனியில் வேலை பார்ப்பவர் இதைச் செய்து மாட்டினால் கம்பெனி முன்னால் நிற்கும். தனியாளுக்கு முன்னால் நிற்க யாருமில்லை.

சட்டமும் இங்கே கடுமைதான். பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சலுகை காட்ட இடமுண்டு. நாம் செய்வதோ வியாபாரம். கிளையன்ட் ஆபீஸ் மெஷினில் அதைப் போட்டுக் கொடுத்தால் அவரையும் சேர்த்து மாட்டிவிட்டதாக ஆகும்.

எனக்கு இதில் புரியாத விஷயம், இந்தத் திருட்டுக்கு இன்று தேவையே இல்லை என்பதுதான். 1986-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் விதை போட்ட போஸ்ட்கிரெஸ் இன்று எந்த வணிக டேட்டாபேஸுக்கும் சளைத்ததல்ல. அதை விற்கலாம், மாற்றலாம், மூடிய மென்பொருளுக்குள் வைத்துக் கொடுக்கலாம். உரிமக் குறிப்பை நீக்காமல் வைத்திருந்தால் போதும். சின்னக் கடைக்கு ஒரே கோப்பாக டேட்டாபேஸ் வேண்டுமென்றால் எஸ்க்யூலைட் இருக்கிறது. அதை எழுதியவர்கள் பொதுச்சொத்தாகவே விட்டுவிட்டார்கள். பார்த்து வேலை செய்யும் திரைக்கு டிபீவர் கம்யூனிட்டி, ஹைடிஎஸ்க்யூஎல், பிஜிஅட்மின். எஸ்க்யூஎல் சர்வரில் இருப்பவர்களுக்கு ஓலா ஹாலன்கிரென் எழுதிய பராமரிப்பு ஸ்கிரிப்டுகளும், பிரென்ட் ஓசாரின் ஃபர்ஸ்ட் ரெஸ்பான்டர் கிட்டும் இலவசம். குவெரி ஏன் இழுக்கிறது என்று புரியாமல் முழிப்பவர்கள் மார்கஸ் வினாண்ட் எழுதிய 'யூஸ் தி இன்டெக்ஸ், லூக்' நூலை இணையத்திலேயே முழுதாகப் படிக்கலாம். பல ஆயிரம் வாங்கும் கோர்ஸ்களில் பாதி அதில் இருக்கிறது.

இலவசமாகக் கிடைப்பதிலும் கண்ணி உண்டு. எஸ்க்யூஎல் சர்வரின் டெவலப்பர் எடிஷனை மைக்ரோசாஃப்ட் 2016 முதல் சும்மா தருகிறது. வசதிகள் அத்தனையும் உண்டு. நிபந்தனை ஒன்றே: உருவாக்கவும் சோதிக்கவும் மட்டும். கடையில் நிஜ பில் போட அதை ஓடவிட்டால் உரிமம் மீறியாகிவிட்டது. அதற்கு எக்ஸ்பிரஸ் எடிஷன் இருக்கிறது. ஆனால் 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான் எல்லை. 2025 பதிப்பில்தான் 50 ஜிபி ஆக்கினார்கள். எல்லையைத் தொட்ட நாளில் புது பில் ஏறாது. அது பெரும்பாலும் தீபாவளிக்கு முந்தின வாரமாக அமைவது நம் ராசி. பழைய ஆக்செஸ் கோப்புகளுக்கு 2 ஜிபி எல்லை என்பதை மூத்தவர்கள் பட்டுத் தெரிந்திருப்பார்கள்.

இன்னொரு கண்ணி ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ். அடிப்படை மென்பொருள் திறந்த மூலம், கவலையில்லை. கூடவே இறக்கும் எக்ஸ்டென்ஷன் பேக்குக்கு உரிமம் வேறு; சொந்த உபயோகத்துக்கும் கல்விக்கும்தான் இலவசம். கிளையன்ட் ஆபீசில் அதைப் போட்டுவிட்டு வந்தால் ஆரக்கிளிடமிருந்து கடிதம் வரும்போது பதில் சொல்ல வேண்டியது அவர்கள். அவர்கள் தேடப்போவது உங்களை. உரிமம் பாதியில் மாறவும் மாறும். 2024 மார்ச்சில் ரெடிஸ் தன் தாராள உரிமத்தைக் கைவிட்டது. சில நாட்களிலேயே லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஆதரவில் வால்கீ என்ற கிளை பிறந்தது. 2025-ல் ரெடிஸ் மீண்டும் திறந்த மூல உரிமம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. ஆகவே எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, இன்ஸ்டால் செய்த தேதியில் என்ன உரிமம் என்று ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் ஒரு தாள் எழுதி வையுங்கள். உரிமக் கோப்பையும் அன்றே சேமித்துவிடுங்கள்.

அடுத்தது தரவு. கிளையன்ட்டின் டேட்டாபேஸை அப்படியே லேப்டாப்பில் இறக்கி வீட்டில் உட்கார்ந்து சோதிப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். அதில் நோயாளியின் பெயர், செல் நம்பர், நகை அடகு வைத்தவரின் முகவரி எல்லாம் இருக்கும். பிழை வந்தால் குவெரியையும் தரவையும் அள்ளி இணையத்தில் ஏதாவது ஒரு ஃபார்மேட்டரில் ஒட்டுகிறோம். 2025 நவம்பரில் வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு நிறுவனம், ஜேசன்ஃபார்மேட்டர், கோட்பியூட்டிஃபை என்ற இரு பிரபல தளங்களில் மற்றவர்கள் ஒட்டிச் சேமித்த 80,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை எடுத்துப் பார்த்தது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகளும் கிளவுட் சாவிகளும் அதில் கிடந்தன. 'சேவ்' பொத்தானை அழுத்தியவர்கள் அது தங்களுக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். ஃபார்மேட் செய்யும் வசதி டிபீவருக்குள்ளேயே இருக்கிறது. தளத்துக்குப் போகவே வேண்டாம். ஏஐ சாட்பாட்டுக்கும் இதேதான்: டேபிள் அமைப்பைக் கொடுங்கள், உள்ளே இருக்கும் வரிகளைக் கொடுக்காதீர்கள். ஏஐ ஏஜென்டுக்கு நிஜ சர்வரின் பாஸ்வேர்டைத் தருவது அதைவிட மோசம். 2025 ஜூலையில் ரெப்ளிட் தளத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ஒரு வாடிக்கையாளரின் நிஜ டேட்டாபேஸை அழித்தது.

சோதனைக்குப் பொய்த்தரவு போதும். பைத்தானில் ஃபேக்கர் என்ற நூலகம் தமிழ்ப் பெயர்களையே ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்து தரும். இதில் ஒரு உபரி லாபமும் உண்டு: எஸ்க்யூஎல் சர்வரில் வார்சார் பத்திக்குள் தமிழ்ப் பெயரைப் போட்டால் வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கும் கூத்து, கடைக்காரர் கண்ணில் படுமுன் உங்கள் கண்ணில் படும். என்வார்சார் என்று மாற்றாமல் விட்டால் சேமித்த பெயர் திரும்பவே திரும்பாது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. சட்டத்தின் பார்வையில் தரவுக்குப் பொறுப்பு உங்கள் கிளையன்ட். அவர் சார்பில் அதைக் கையாளும் நீங்கள் தரவுச் செயலாக்குநர். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. அந்த அபராதம் கிளையன்ட் மீதுதான் விழும். அவருடைய வக்கீல் சும்மா இருப்பாரா? நஷ்டம் முழுவதையும் நீங்களே ஏற்க வேண்டும் என்ற இண்டெம்னிட்டி வரியை ஒப்பந்தத்தில் நுழைப்பார். 40,000 ரூபாய் வேலைக்குக் கோடிக்கணக்கில் பொறுப்பேற்கும் கையெழுத்தைப் படிக்காமல் போட்டுவிடாதீர்கள். பெற்ற கட்டணத்துக்கு மேல் என் பொறுப்பு இல்லை என்று ஒரு வரி கேளுங்கள். நியாயமான கிளையன்ட் பேசி ஏதாவது ஓர் எல்லைக்கு வருவார். வேலை முடிந்ததும் லேப்டாப்பில் உள்ள பிரதியை அழித்துவிட்டு, அழித்தேன் என்று மெயில் போடுங்கள். டேட்டா கசிந்ததாகத் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. சின்ன ஆபீஸ் என்பதால் மூடி மறைக்க முடியாது.

பேக்கப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்தவர்கள் குறைவு. 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்து மெயின் சர்வரின் டேட்டா அடைவை அழித்தார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால் கிளவுடில் எதுவும் இல்லை. போஸ்ட்கிரெஸ் 9.6 சர்வரை 9.2 பதிப்பின் டம்ப் கருவி கொண்டு எடுக்க முயன்று தினமும் தோற்றிருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்களும் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு காரணத்துக்காக 6 மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்த பிரதிதான் மானம் காத்தது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. மாதம் ஒரு முறை பேக்கப்பை வேறு மெஷினில் ஏற்றி, கடைசி பில் நம்பர் சரியா என்று பாருங்கள். ரெஸ்டிக் போன்ற இலவசக் கருவி பேக்கப்பைக் குறியாக்கம் செய்தே சேமிக்கும். பென்டிரைவ் தொலைந்தாலும் தூக்கம் கெடாது.

இனி பணம். பாக்கி வரவில்லை என்றால் குறிப்பிட்ட தேதியில் சாஃப்ட்வேர் தானாக நின்றுவிடும்படி ரகசியமாக ஒரு பூட்டு வைப்பது இந்தத் தொழிலில் வெகு சகஜம். எனிடெஸ்க் வழியாகப் போய் யூசரை முடக்குபவர்களும் உண்டு. ஆத்திரம் புரிகிறது, ஆனால் அப்படிச் செய்தால் வழக்கில் கட்சி மாறிவிடும். உரியவரின் அனுமதியின்றி அவருடைய கணினியைப் பயன்படுத்த முடியாமல் தடுப்பதும், தரவை அழிப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் வரும் குற்றம். 3 ஆண்டு வரை சிறை. பணம் தர வேண்டியவர் புகார்தாரர் ஆகிவிடுவார். ஆண்டுச் சந்தா கட்டாவிட்டால் நின்றுவிடும் என்று ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதி, அவருடைய தரவை எடுத்துக்கொள்ளும் வழியையும் திறந்து வைத்திருந்தால் அது வேறு கதை.

'காசு கொடுத்தாச்சு, சோர்ஸ் கோடைக் கொடு' என்ற தகராறிலும் சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் எழுதினால் உரிமை முதலாளிக்கு. ஒப்பந்த வேலையாக நீங்கள் எழுதிய நிரலின் முதல் உரிமையாளர் நீங்களே. எழுத்து வடிவில் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுத்தால்தான் அது கைமாறும். அதிலும் காலம் குறிப்பிடவில்லையென்றால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடவில்லையென்றால் இந்தியா மட்டும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவே சொல்கிறது. உள்ளே இருக்கும் தரவு மட்டும் என்றைக்கும் கிளையன்ட்டுடையது. அதைப் பிணையாகப் பிடிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

வராத பாக்கிக்கு உண்மையான மருந்து 2006-ன் எம்எஸ்எம்இ வளர்ச்சிச் சட்டத்தில் இருக்கிறது. தனியாளாகச் சேவை செய்பவரும் குறுந்தொழிலாக உத்யம் பதிவு செய்துகொள்ளலாம். அதன்பின் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் வாங்கியவர் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டுவட்டி. தராதவர் மீது இந்தச் சட்டப்படி அமைந்த வசதியாக்க மன்றத்தில் (ஃபெசிலிடேஷன் கவுன்சில்) இணையவழியாகவே மனுப் போடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் மன்றங்கள் இருக்கின்றன. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக நினைப்பவர், தீர்ப்பான தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். கிளையன்ட்டுகள் பயப்படுவது இந்த வரிக்குத்தான். வேலை முடிந்த தேதி, ஒப்படைத்த மெயில், இன்வாய்ஸ் மூன்றும் கையில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் பேசியதையும் ஒரு மெயிலாக எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும்: பாக்கி விழுந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் அந்தப் பழைய வேலைக்கு இந்தப் பாதுகாப்பைக் கேட்பது கடினம், வேலை எடுக்கும்போதே பதிவு இருந்திருக்க வேண்டும். அரசின் உத்யம் தளத்தில் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. 2,000, 3,000 என்று கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை. ஆதாரும் பானும் கையில் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. அடுத்த கிளையன்ட்டிடம் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.