கண்ணை மட்டும் விட்டுருங்க டீச்சர்!

உஷ்! செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள், உள்ளே கோலம் பாதியில் நிற்கிறது. தாராவியில் ஒரு முனிசிபால்டி ஸ்கூல். தமிழ் மீடியம், ஒன்றாம் வகுப்பு. விடிந்தால் பள்ளி திறப்பு. கலர் சாக்பீஸில் கரும்பலகை முழுக்க விரிந்திருக்கும் மயில் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் வான்கோழியாகவே தெரிகிறது. டீச்சர் நாலடி பின்னால் போகிறார், தலையைச் சாய்க்கிறார், ஓடிவந்து தோகையில் இன்னும் இரண்டு கண் வைக்கிறார். ஊஹூம். இப்போது அது புள்ளி போட்ட வான்கோழி. மூலையில் ஷிபாய், அதாவது பியூன், பலூன் ஊதிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொன்று வெடிக்கும்போதும் மாடியிலிருந்து உருது மீடியம் டீச்சரின் தலை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

தாலி கட்டும் நேரத்தைவிட முந்தின ராத்திரி காய் நறுக்கும் இடம்தான் கல்யாணம் என்று நினைக்கிற கட்சி நான். அதனால்தான் திறப்பு நாளுக்கு முந்தின மத்தியானமே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பெஞ்ச் என் முழங்கால் உயரம்கூட இல்லை. எழுந்திருப்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

மகாராஷ்டிரத்தில் இந்த நாளுக்குப் பெயரே உண்டு: பிரவேஷோத்ஸவ். ஜூன் நடுவில் மாநிலமெங்கும் புதுப் பிள்ளைகளுக்குப் பூக் கொடுத்து, சில இடங்களில் ஆரத்தி சுற்றி, கிராமங்களில் மாட்டுவண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டுக்கூட உள்ளே அழைத்து வருவார்கள். தாராவியில் மாட்டுவண்டிக்கு எங்கே போவது? தொண்ணூறு அடி ரோட்டில் கைவண்டிக்கே வழி கிடைப்பதில்லை. இங்கே விழா சுருங்கும், சத்தம் குறையாது. விடிகாலையில் தாதர் பூச்சந்தையிலிருந்து ரோஜா வரும். தட்டில் குங்குமம் கரைத்து வைத்து, பிள்ளையின் காலைத் தோய்த்து, வெள்ளைத் தாளில் ஒரு பதிவு. முதல் காலடி! தொழில் ரகசியம் என்னவென்றால், அந்தத் தாள் லேசில் காயாது. வானிலைத் துறைக் கணக்கில் மும்பையில் பருவமழை தொடங்கும் நாள் ஜூன் 11. ஆக, மழையும் பள்ளியும் கைகோத்துக்கொண்டுதான் படியேறும். வகுப்புக்குக் குறுக்கே கயிறு கட்டி, துணி கிளிப் மாட்டி, காலடிகளை வரிசையாகத் தொங்கவிட்டு ஃபேனை முழு வேகத்தில் சுற்றவிடுவார்கள். குட்டிக் குட்டிப் பாதங்கள் காற்றில் நடக்கும்.

ஜெர்மனியில் முதல் நாள் பிள்ளை கையில் பெரிய காகிதக் கூம்பு நிறைய மிட்டாயைத் திணித்து அனுப்புவார்கள் என்று டீச்சரிடம் சொன்னேன். "இந்த மழையில கூம்பு ஊறிப்போயிரும் சார்" என்றார். அவர் கவலை அவருக்கு.

அழைப்பு பிள்ளைக்கு. வருவதோ குடும்பம். அம்மா, ஆச்சி, இடுப்பில் கைக்குழந்தை, துணைக்குப் பக்கத்து வீட்டு அக்கா. அப்பா வாசலோடு சரி, பைக்கை அணைக்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு. டீச்சரின் அசல் வேலை இந்தக் கூட்டத்திடம்தான். பிள்ளைகள் மூன்றாம் நாள் அழுகையை நிறுத்திவிடும். பெரியவர்களுக்குக் கொஞ்சம் நாளாகும்.

அரசுக்கும் இது தெரியும் போலிருக்கிறது. 2022இல் 'பஹிலே பாவுல்', அதாவது முதல் காலடி, என்று ஒரு மேளாவை மகாராஷ்டிரம் தொடங்கியது. ஒன்றாம் வகுப்புக்குள் நுழையப்போகும் பிள்ளைக்கு ஏழு மேசை. பெயர்ப் பதிவு ஒன்றில். ஓட்டம், தாண்டல் ஒன்றில். பிரித்து அடுக்குவது, பிறரோடு பழகுவது, பேச்சு, எண் என்று வரிசையாகப் போய், கடைசி மேசை பெற்றோருக்கு. அங்கே அம்மாக்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, வீட்டில் விளையாடச் சொல்லிக் கொடுப்பார்கள். 1995இல் மும்பைக் குடிசைப் பகுதிகளின் பால்வாடிகளில் வேலையைத் தொடங்கிய பிரதம் அமைப்பின் கைவண்ணம் இதில் உண்டு. கேட்க ஒழுங்காக இருக்கிறது, இல்லையா? நடப்பதைப் பாருங்கள். கடலையையும் பட்டாணியையும் தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னால் பிள்ளை கடலையைத் தின்கிறது. ஆச்சி முறத்தைத் தேடுகிறாள். "ஆச்சி, நீங்க இல்ல, அவன் பிரிக்கணும்!" "அவனுக்கு எதுக்கு டீச்சர் இந்த வேல, நான் ஒரு நொடியில முடிச்சித் தாரேன்."

முதல் மேசைதான் எனக்குப் பிடித்தது. படிவத்தில் பிள்ளை பெயர், அப்பா பெயர், அப்புறம் ஆட்நாவ் என்று ஒரு கட்டம். குடும்பப் பெயர். முருகனுக்கு அப்பா சுடலைமுத்து. அதற்கு மேல் என்ன வேண்டும்? மும்பைக்கு வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கட்டத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். தாத்தா பெயரை எழுதியவர்கள் உண்டு, ஊர்ப் பெயரை எழுதியவர்கள் உண்டு. ஊரில் பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டிக்கொள்வதை விட்டுவிட்ட குடும்பங்களுக்குக்கூட இந்தக் கட்டம் நாடார், தேவர், கோனார் என்று எதையாவது ஒட்டி அனுப்பியிருக்கிறது. அந்தச் சின்னக் கட்டத்தின் மேல் எனக்குத் தீராத கோபம். ஒரு நல்ல சேதி: 2024 மே 1 முதல் பிறந்தவர்களுக்கு அரசு ஆவணங்களில் அம்மா பெயரும் கட்டாயம் என்று மாநிலம் முடிவெடுத்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் 2030இல் இந்த மேசைக்கு வருவார்கள். அன்றைக்கு ஷிபாய் பலூனை இரண்டு மடங்கு ஊதட்டும்.

அடுத்து 'ஜன்ம தாக்லா', பிறப்புச் சான்றிதழ். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது வழக்கமாயிற்றே, அதனால் பிள்ளை பிறந்தது நெல்லைப் பக்கத்து ஆஸ்பத்திரியில். காகிதம் பீரோவில், பீரோ ஊரில், சாவி சித்தியிடம். மேசை முன்னால் நிற்கும் அம்மாவுக்கு வியர்க்கிறது. வியர்க்க வேண்டாம். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம், 14ஆம் பிரிவில், பச்சையாகச் சொல்கிறது. டீச்சர் இதைச் சொல்லும்போது முகத்தில் லாட்டரி முடிவு வாசிப்பவரின் சந்தோஷம்.

சரி, விடிந்துவிட்டது. மழை கொட்டுகிறது. மயில் இன்னும் வான்கோழிதான், ஆனால் பிள்ளைகள் "மயிலு!" என்று கத்திவிட்டார்கள், டீச்சர் என்னைப் பார்த்து ஒரு பார்வை. பிறகு ஒரு பையன் அழ ஆரம்பித்தான். அழுகையைப் போல ஒட்டுவாரொட்டி வேறில்லை. ஒன்று, மூன்று, பதினொன்று. பன்னிரண்டாவதாக அழுதது ஓர் அம்மா.

டீச்சர் அம்மாக்களைத் தரையில் வட்டமாக உட்காரவைத்தார். எதிர்பார்ப்புகளைச் சொல்லும் கூட்டம் இது. அச்சடித்த தாள் ஒன்றும் இல்லை. "அம்மாமாரே, உங்கள்ட்ட நான் கேக்கிறது கொஞ்சம்தான்" என்று தொடங்கினார்.

தினமும் அனுப்ப வேண்டும். இதைச் சொன்னதும் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். காரணம் ரயில். தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஜூன் தொடக்கத்திலேயே திறந்துவிடும்; மும்பைக்காரர்களுக்கு நடு ஜூன் வரை லீவு. மே மாதம் ஊருக்குப் போன குடும்பம் கொடை, கல்யாணம், காதுகுத்து எல்லாம் முடித்துக் கிளம்பும்போது நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இடம் இருக்காது. "டிக்கெட் கெடச்சதும் வந்துருவாவ டீச்சர்" என்று வராத பிள்ளைக்காகப் பக்கத்து வீட்டுக்காரி மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், சாட்சி சொல்கிறாள்.

நேரத்துக்கு வர வேண்டும். நாலாம் வகுப்பு வரை காலை 9 மணிக்கு முன்னால் பள்ளி தொடங்க வேண்டாம், பிள்ளைகள் தூங்கட்டும் என்று 2024 பிப்ரவரியில் மாநில அரசு சொன்னது. தூக்கத்துக்கு நல்லது. மாட்டுங்காவில் வீட்டு வேலைக்கு ஏழு மணிக்கே கிளம்பும் அம்மா கேட்கிறாள்: "ஒம்பது வரைக்கும் யார் டீச்சர் பாப்பா?" வட்டத்தில் யாரிடமும் பதில் இல்லை. ஆச்சிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மதியம் கிச்சடி பள்ளியிலேயே உண்டு. டப்பாவில் சிப்ஸ் வேண்டாம். "அவன் தானா சாப்புட மாட்டான், ஊட்டி விடுவியளா?" "முப்பது பேருக்கு ஊட்டினா நான் எப்பம்மா சாப்பிடறது?" முப்பது என்பது வாய்க்கு வந்த எண் அல்ல. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பதும் அதே கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு.

அப்புறம் அந்த அப்பா. அதுவரை வாசலில் நின்றவர், உள்ளே ஒரு காலை வைத்து, பெருமையாக, இத்தனை நாள் ஒத்திகை பார்த்துவைத்த வசனத்தைச் சொன்னார்: "கண்ணை மட்டும் விட்டுருங்க டீச்சர், தோலை உரிச்சாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்." என்ன கம்பீரம்! தமிழ்நாட்டில் எத்தனை அப்பாக்கள் எத்தனை வாத்தியார்களிடம் சொன்னது. டீச்சர் அசரவில்லை. "நான் உரிச்சா என் வேலை போயிரும் அண்ணே. சட்டத்துல 17ஆம் பிரிவு. அடிக்கவும் கூடாது, மனசு நோகத் திட்டவும் கூடாது." அப்பாவுக்கு ஏமாற்றம். இருந்த ஒரே சீர்வரிசையையும் திருப்பிக் கொடுத்துவிட்ட மாதிரி நின்றார். "அப்போ பயம் எப்படி வரும்?" "பயம் எதுக்கு? ராத்திரி பத்து நிமிஷம் அவன்கூட உக்காந்து, இன்னிக்கு ஸ்கூல்ல என்ன பண்ணினேன்னு கேளுங்க. போதும்." அவர் பைக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றைய கூட்டத்தின் பெரிய வெற்றி அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

"இங்லீஷ் எப்போ டீச்சர்?" எல்லாக் கூட்டத்திலும் வரும் கேள்வி. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழ்ப் பாடப்புத்தகம் சென்னையிலிருந்து வருவதில்லை. 1967இல் தொடங்கிய புனே பாலபாரதி என்ற மாநிலப் பாடநூல் நிறுவனம்தான் தமிழிலும் அச்சடிக்கிறது. 2020ஆம் வருடத்துச் சட்டப்படி மராத்தியும் கட்டாயம். ஆக, தாராவியிலோ செம்பூரைத் தாண்டி சீத்தா கேம்பிலோ ஒரு பிள்ளை வீட்டில் நெல்லைத் தமிழும், கல்லிச் சந்தில் இந்தியும், வகுப்பில் மராத்தியும், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இலவசமாக உருதுவும் கேட்டு வளர்கிறது. "வீட்ல தமிழ்ல கதை சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார் டீச்சர். நம்பினார்களா என்று தெரியவில்லை. தலையாட்டினார்கள். மாட்டுங்காவில் எஸ்.ஐ.இ.எஸ். என்ற தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் ஒரு தொடக்கப் பள்ளியோடு ஆரம்பித்தபோதும் வேட்டி கட்டிய அப்பாக்கள் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள் என்று பந்தயம் கட்டத் தயார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதுதான் முக்கியம் என்று விரலை ஆட்டினார் டீச்சர். மாநகராட்சி 27 வகைப் பொருட்களை இலவசமாகத் தருகிறது. சீருடை, ஷூ, பை, நோட்டு, டப்பா, தண்ணீர் பாட்டில் என்று நீளும் பட்டியல். தங்கமான திட்டம். ஒரே ஒரு சிக்கல்: எல்லாருக்கும் ஒரே பை. ஒரே பாட்டில். மணி அடித்ததும் முப்பது பிள்ளைகளும் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினால், சாயங்காலம் முழுக்கத் தாராவி கல்லிகளில் டப்பா பரிமாற்றம்தான். "அதனால எல்லாத்துலயும் பேர் எழுதி அனுப்புங்க."

"முழுப் பேரா டீச்சர்? ஆட்நாவோடயா?"

சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும், மற்றவர்கள் ஏதாவது அடையாளம் போட்டால் போதும் என்று முடிவானது. கைப்பிடியில் சிவப்பு நூல். அடியில் மஞ்சள் பொட்டு. ஓர் அம்மா மூடியில் நெயில் பாலிஷால் நட்சத்திரம் போடுவதாகச் சொல்ல, பக்கத்தில் இருந்தவள் "அப்ப நான் மீன்" என்று இடம் பிடித்துவிட்டாள். டீச்சர் மஸ்டரைத் திறந்து, பெயர்களுக்கு எதிரே பென்சிலால் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே போனார்: நட்சத்திரம், மீன், சிவப்பு நூல். "உங்களுக்கு?" என்று அந்த அப்பாவைக் கேட்டார். அவர் யோசித்தார். நிமிர்ந்து கரும்பலகையைப் பார்த்தார்.

"வான்கோழி" என்றார்.