வெடி எட்டாத உயரத்தில்

தீபாவளி இரவு, இரண்டு நாய்கள், ஒரு மலை

விடியற்காலை நான்கு மணி. கோலார் தங்கவயலில் தீபாவளி பிறந்துவிட்டது. ஸ்கெலட்டன் பக்கம் முதல் சரவெடி. இரண்டு நிமிடம் கழித்து எதிர் வரிசையிலிருந்து பதில் சரம். அடுப்படியில் அம்மா நல்லெண்ணெயில் இரண்டு மிளகைப் போட்டுச் சுட வைத்துக்கொண்டிருக்கிறார். கட்டிலுக்கு அடியில் டைகர் நடுங்கிக்கொண்டிருக்கிறது.

பெயர்தான் டைகர். பதினைந்து கிலோ நாட்டு நாய். தபால்காரரிலிருந்து தெருவில் மேயும் எருமை வரை எதையும் விட்டுவைக்காது. ஆனால் ஒரு லட்சுமி வெடி போதும், வீரம் அனைத்தும் கட்டிலுக்கடியில் போய்விடும். வாயோரம் எச்சில் ஒழுகும். பிஸ்கட் நீட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது.

முந்தைய ஆண்டு நிலைமை இன்னும் மோசம். யாரோ அணுகுண்டு கொளுத்த, கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு இருட்டில் ஓடிவிட்டது. மூன்று நாள் தேடினோம். கடைசியில் மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில், பிளாட்பாரம் முடிகிற இடத்தில், பாதம் வெடித்துக் கிடந்தது. அன்றே முடிவு செய்தாயிற்று: அடுத்த தீபாவளி இரவு டைகருக்கு ஊரில் இல்லை.

தங்கவயலுக்கு வெடிச் சத்தம் ஒன்றும் புதிதல்ல. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை நூறாண்டுக்கு மேல் பூமிக்கடியில் வெடி வைத்தே பிழைத்த ஊர் இது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. அந்த ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடிக்கும். மேலே லைன் வீடுகளில் பாத்திரங்கள் உருளும். பாட்டி வாசலுக்கு ஓடிவந்து நிற்பாராம், தாத்தா ஷிப்ட் முடிந்து திரும்பும் வரை. பாட்டிக்காவது அந்தச் சத்தம் என்னவென்று தெரியும், அதனால் பயம். டைகருக்கு எதுவுமே தெரியாது. யார் வெடிக்கிறார்கள், எதற்காக, எப்போது நிற்கும் என்று அதற்குச் சொல்ல வழியில்லை.

நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது 40,000 ஹெர்ட்ஸையும் தாண்டும். பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் சுவையான செய்தி உண்டு. உங்கள் நாய்க்குச் சத்தம் என்றால் பயமா என்று கேட்டபோது நாய் வளர்ப்பவர்களில் நான்கில் ஒருவர்தான் ஆமாம் என்றார்கள். நடுங்குகிறதா, ஒளிகிறதா, குரைக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டதும் கணக்கு ஏறக்குறைய பாதியைத் தொட்டது. நாய் பயப்படுகிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

தங்கவயல் நாய்களுக்கு இன்னொரு கூடுதல் கஷ்டம். தமிழர்களுக்கு நரக சதுர்த்தசி விடியற்காலைதான் தீபாவளி. கன்னடக் குடும்பங்களுக்கு அமாவாசையும் முக்கியம், பலிபாட்யமி மாலையும் முக்கியம். இரண்டு வழக்கமும் கலந்த ஊரில் வெடி காலையிலும் உண்டு, மாலையிலும் உண்டு, மூன்று நாளும் உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று இரவு எட்டு முதல் பத்து வரைதான் வெடிக்கலாம் என்றது. தமிழகம் கேட்டுக்கொண்டதால் அந்த இரண்டு மணி நேரத்தைக் காலையும் மாலையுமாகப் பிரித்துக்கொள்ள அதற்கு அனுமதி கிடைத்தது. கர்நாடகத்தில் எட்டு முதல் பத்துதான். எனவே தங்கவயலில் விடியற்காலை வெடிக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு ஒரு சரம் கொளுத்துகிற தமிழ் வீடு தீர்ப்பைப் படித்துவிட்டா கொளுத்துகிறது?

எங்கே போவது? கண்ணுக்கு முன்னால் நின்றவை சைனைட் மலைகள். தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண் குவிந்து குவிந்து மலையானவை. மொத்தம் 13 குவியல்கள், சுமார் 3.3 கோடி டன். அவற்றில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. சினிமாக்காரர்களுக்குப் பிடித்த இடம்; உச்சியிலிருந்து ஊர் முழுவதும் தெரியும். ஆனால் நாய்க்கு ஆகாது. மாவு போன்ற அந்தத் தூள் பாதத்தில் ஒட்டும், நாய் பாதத்தை நக்கும். மழைநீர் தேங்கிய குழியில் வாய் வைத்தால் தடுப்பது யார்? போதாக்குறைக்கு ஊருக்குள்ளேயே இருக்கிறது. வெடியின் நடுவில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்கு வீட்டு மொட்டை மாடியே போதும்.

முடிவில் அந்தரகங்கை. கோலார் நகருக்கு மேற்கே பாறையும் குகையுமாக நிற்கும் சதசிருங்க மலைத்தொடர். தங்கவயலிலிருந்து முப்பது கிலோமீட்டர். அடிவாரத்துக்கு மேலே காசி விசுவேசுவரர் கோயில், கல் நந்தியின் வாயிலிருந்து விழும் ஊற்று நீர். பெங்களூர் இளைஞர்கள் சனிக்கிழமை இரவுகளில் டார்ச் வைத்துக்கொண்டு ஏறுகிற குகை வழி இதுதான். நாய்களோடு அந்த வழி வேண்டாம் என்று சொன்னவர் வேன் ஓட்டிய நண்பர். வனத்துறை அனுமதி ஒரு பக்கம். கோயில் படிக்கட்டுக் குரங்குகள் இன்னொரு பக்கம். டைகரும் ஒரு தாய்க் குரங்கும் நேருக்கு நேர் சந்தித்தால் தோற்பது டைகராகத்தான் இருக்கும். நல்ல வேளையாக மலைமேல் கிராமங்கள் உண்டு, அவற்றுக்குச் சாலையும் உண்டு. அங்கே நண்பருக்குத் தெரிந்த ஒரு விவசாயி வீடு.

"பண்டிகை நாள்ல வீட்டை விட்டுட்டு நாயைத் தூக்கிட்டு மலைக்குப் போறியா?" என்றார் அம்மா. பதில் இல்லை. பிறகு அவரே தயிர் சாதமும் அதிரசமும் கட்டிக் கொடுத்தார்.

பாறைச் சூடு தணியட்டும் என்று நான்கரைக்கு மேல்தான் நடக்கத் தொடங்கினோம். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். முதுகுப் பையில் தனக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் டைகருக்கும் ஒரு லிட்டர். ஓர் அலுமினியக் கிண்ணம், கம்பளி, டார்ச். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றிக் கட்டும் வார், அதில் தொலைபேசி எண். உடன் வந்தது நண்பரின் ஜூலி, கொழுத்த லாப்ரடார். வெடிக்குப் பயப்படாது, ஆனால் ஏற்றத்துக்குப் பயந்தது. இரண்டு வளைவுக்கு ஒரு முறை நடுச்சாலையில் படுத்துக்கொண்டது. டைகர் திரும்பி வந்து அதன் காதை முகர்ந்துவிட்டுப் போகும்.

மலையேற நாயைக் கூட்டிப்போவது நமக்கு அந்நியமான யோசனையும் அல்ல. தம்பிகளும் பாஞ்சாலியும் ஒவ்வொருவராக விழுந்த பிறகு தருமரோடு இமயத்தில் கடைசி வரை நடந்தது ஒரு நாய். அதை விட்டுவிட்டு வந்தால் சொர்க்கம் என்றான் இந்திரன், தருமர் மறுத்தார். நாம் நரகாசுரனைக் கொன்ற நாளாகக் கொண்டாடும் அதே சதுர்த்தசியில் நேபாளத்தில் நாய்களுக்குப் பூஜை. குகுர் திஹார் என்று பெயர். தெரு நாய்க்குக்கூட நெற்றியில் திலகம், கழுத்தில் சாமந்தி மாலை, வயிறு நிறையச் சாப்பாடு. நாள் ஒன்றுதான், காத்மாண்டுவில் நாய்க்கு மாலை, தங்கவயலில் கட்டிலடி.

மேலே போய்ச் சேர்ந்தபோது மேகம் கவிழ்ந்து கோலாரே தெரியவில்லை. ஐப்பசி மாதம், குறை சொல்ல முடியாது. ஏழரை மணிக்கு மேகம் விலகியது. கீழே நகரம் ஒரு தாம்பாளத்தில் அகல்களைப் பரப்பியது போல. எட்டு அடித்ததும் வானவெடிகள். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தே பழகிய கண்ணுக்கு இது வேறு காட்சி. நம் காலுக்குக் கீழே பச்சையும் சிவப்புமாகப் பூத்து, நம் கண்மட்டத்துக்கு வராமலேயே உதிர்கிறது. சத்தம் இல்லை. பத்து, பன்னிரண்டு எண்ணிய பிறகு, மறந்துபோன விஷயத்தை யாரோ ஞாபகப்படுத்துவது போல, மெல்ல ஒரு 'தொம்'.

கணக்கு எளிது. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும்; மூன்று, நான்கு கிலோமீட்டர் தாண்டி வர அவ்வளவு நேரம். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சத்தம் ஆறு டெசிபல் குறையும். 1999இல் அரசு விதித்த உச்ச வரம்பு, வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டரில் 125 டெசிபல். நான்கு கிலோமீட்டர் என்பது அதைப்போல் ஆயிரம் மடங்கு தூரம். அறுபது டெசிபல் கழிந்து, மிஞ்சுவது இருவர் பேசிக்கொள்ளும் அளவு. வழியில் கூர்மையான ஒலிகளைக் காற்று இன்னும் அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. நாயைக் குத்துவது அந்தக் கூர்மைதான்.

முதல் 'தொம்'முக்கு டைகரின் காது நிமிர்ந்தது. இரண்டாவதுக்கும் நிமிர்ந்தது. ஐந்தாவதுக்கு அது தயிர் சாதக் கிண்ணத்தைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து ஒரு தீபாவளி இரவிலும் அது சாப்பிட்டதில்லை. அன்று சாப்பிட்டது. பாறை மேல் உட்கார்ந்து, கீழே எரியும் ஊரைப் பார்த்தபடி மூக்கை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. கந்தகத்தின் வாசனை அந்த உயரத்துக்கும் வந்திருக்க வேண்டும், நமக்குத் தெரியவில்லை.

ஒன்பது மணி வாக்கில் முதுகுக்குப் பின்னால், ஐம்பதடி தூரத்தில், பளார் என்று ஒரு லட்சுமி வெடி. மலைமேல் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் தீபாவளி கிடையாதா என்ன? அந்த யோசனை முன்பே வந்திருக்க வேண்டும். டைகர் பாய்ந்தது. பாறைக்கு அந்தப் பக்கம் இருட்டு, சரிவு. கயிறு உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஓடி, கடைசி முடிச்சில் நின்றது. பழைய கழுத்துப் பட்டை மட்டும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும், எழுதப்படாமலும் போயிருக்கும்.

நண்பர் பிள்ளைகளிடம் போய்ப் பாதி தெலுங்கிலும் பாதி கன்னடத்திலும் பேச்சுவார்த்தை நடத்தினார். அதிரசம் முழுவதும் கைமாறியது. மீதி வெடி நாளைக்கு, இன்று புஸ்வாணமும் கம்பி மத்தாப்பும் மட்டும் என்று உடன்பாடு. அவர்களில் ஒரு சிறுமி டைகர் அருகில் உட்கார்ந்துகொண்டு, அது நடுங்கி முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. இன்றைய கால்நடை மருத்துவர்கள் அதை ஏற்பதில்லை. பயம், கொஞ்சுவதால் கிடைக்கும் பரிசு அல்ல, தாராளமாகப் பக்கத்தில் இருங்கள் என்கிறார்கள். நாமாகத் தூக்க மாத்திரை கொடுப்பதுதான் ஆபத்து. சில மருந்துகள் உடம்பைக் கட்டிப்போட்டுவிடும், உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

நட்சத்திரங்களுக்குக் கீழே பாறையிலேயே படுப்பது என்பது எங்கள் திட்டம். வீட்டுக்காரப் பெரியவர் சிரித்துவிட்டார். இந்தப் பக்கத்து மலைகளில் சிறுத்தை உண்டு. சிறுத்தைக்கு நாயை விடப் பிரியமான தீனி இல்லை. இரண்டு நாய்களோடு வெளியே படுப்பது அதற்கு இலை போட்டு அழைப்பது மாதிரி. நாங்கள் நால்வரும் நிலக்கடலை மூட்டைகளுக்கு நடுவே கதவைத் தாழிட்டுப் படுத்தோம். ஜூலி குறட்டை விட்டது. டைகர் கதவோரம் மூக்கை வைத்தபடி வெகுநேரம் விழித்திருந்து, பிறகு தூங்கியது. பத்து மணிக்கு மேலும் கீழே வெடி ஓயவில்லை. அடைத்த கதவுக்குள் அது தூரத்து மழை போல இருந்தது.

காலையில் கோலார் புகைக்குள் கிடந்தது. இறங்கும்போது ஜூலிக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. பத்து மணிக்கு வீடு. சிவப்புக் காகிதத் துகள் தெரு முழுக்க. அம்மா டைகரைத் தலை முதல் வால் வரை தடவிப் பார்த்தார், பாதங்களைத் திருப்பிப் பார்த்தார், என் உள்ளங்கையைக் கடைசியாகப் பார்த்தார். "கிண்ணத்துல எண்ணெய் மிச்சம் இருக்கு" என்று கொஞ்சம் எடுத்து அதில் தடவினார்.

எதிர் வீட்டுப் பையன் வெடிக்காமல் போன வெடிகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தான். பலிபாட்யமி இன்னும் பாக்கி.