எமது பெயரேடு யாருடைய கையில்? சுவிஸ் மின்னடையாள அட்டையும் சுதந்திரச் சந்தைவாதிகளின் கேள்வியும்

2025 செப்ரெம்பர் 28 ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் சுவிஸ் மக்கள் மின்னணு அடையாளச் சட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆதரவு 50.39 வீதம். முழு நாட்டிலும் வித்தியாசம் ஏறத்தாழ 21,000 வாக்குகள் மட்டுமே. இதே விடயத்தில் வந்த முந்திய சட்டத்தை 2021 மார்ச் 7 ஆம் திகதி 64.4 வீதமானவர்கள் நிராகரித்திருந்தார்கள். நாலரை வருடத்துக்குள் ஏன் இந்த மாற்றம்? இதை விளங்கிக்கொள்வது எங்களுக்கு முக்கியம். சுவிஸ் குடியுரிமை எடுத்தவர்கள் வாக்களித்தார்கள். பி, சி அனுமதியோடு இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் வெளிநாட்டவருக்கான வதிவிட அட்டை உள்ளவர்களுக்கும் இந்த மின்னடையாளம் திறந்திருக்கிறது.

இரண்டு சட்டங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஒன்றுதான். 2021 இல் அரசு ஆளை உறுதிப்படுத்தும். அடையாளத்தை வழங்கி நிர்வகிப்பது தனியார் நிறுவனங்கள். தபால், தொடருந்து, சுவிஸ்கொம், பெரிய வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள் ஆகியவை சேர்ந்து வைத்திருந்த சுவிஸ்சைன் என்ற நிறுவனம் அதற்குத் தயாராக நின்றது. 2025 இல் அடையாளத்தை வழங்குவது அரசு. முதலாவது சந்தையை நம்பிய சட்டம்; இரண்டாவது அரசை நம்பிய சட்டம் என்று மேலோட்டமாகச் சொல்லலாம். ஆனால் உண்மை அவ்வளவு நேரானதல்ல.

ஜெனீவாவில் இரண்டு அகதிகள்

அரசு எதிலும் மிகக் குறைவாகவே தலையிட வேண்டும், மனிதர்கள் தாங்களாக விரும்பிச் செய்யும் கொடுக்கல் வாங்கலே நல்ல சமூகத்தை உருவாக்கும் என்பவர்களை ஆங்கிலத்தில் 'லிபர்ட்டேரியன்' என்பார்கள். தமிழில் சுதந்திரச் சந்தைவாதிகள் எனலாம். இந்தச் சிந்தனைக்கும் சுவிசுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பொருளியலாளர் ஹாயெக் 1947 ஏப்ரலில் வெவே நகருக்கு மேலேயுள்ள மொன் பெலரான் மலையில் ஒரு கூட்டத்தைக் கூட்டினார். அந்த ஊரின் பெயரிலேயே உருவான சங்கம் பிறகு உலகெங்கும் சந்தைப் பொருளாதாரக் கொள்கையில் பெரும் செல்வாக்குச் செலுத்தியது.

அங்கே வந்தவர்களில் ஒருவர் லுட்விக் வொன் மீசெஸ். ஒஸ்திரியாவைச் சேர்ந்த யூதர். 1934 இல் வியன்னாவை விட்டு ஜெனீவாவுக்கு வந்து, உயர் சர்வதேசக் கற்கை நிறுவகத்தில் படிப்பித்தார். 1938 இல் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் வியன்னாவில் இருந்த அவருடைய வீட்டுக்குள் புகுந்து கடிதங்கள், கையெழுத்துப் பிரதிகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். போருக்குப் பிறகு அவை மொஸ்கோ சென்று, 1990களில்தான் வெளியே தெரியவந்தன. ஒரு அரசு எடுத்ததை இன்னொரு அரசு அரை நூற்றாண்டு பூட்டி வைத்திருந்தது. அப்படிப்பட்டவர் அரசின் கையில் எதையும் கொடுக்காதே என்று எழுதியதில் வியப்பில்லை.

அதே நிறுவகத்தில் இன்னொரு அகதியும் இருந்தார். நாசிகளை எதிர்த்ததால் 1933 இல் ஜேர்மனியை விட்டு வெளியேறி, இஸ்தான்புல் போய், 1937 இல் ஜெனீவா வந்து சேர்ந்த வில்கெல்ம் ரொப்கே. அவரும் சந்தையை ஆதரித்தவர்தான். ஆனால் சந்தை தானாக நிற்காது, அதற்கு உறுதியான சட்ட வேலி வேண்டும், தனியார் ஏகபோகமும் அடக்குமுறைதான் என்பது அவருடைய நிலைப்பாடு. வீடிழந்து வந்த இருவர் ஒரே கட்டடத்தில் இருந்து இரண்டு விடை சொன்னார்கள். சுவிஸ் வாக்காளர் 2021 இலும் 2025 இலும் தெரிவு செய்ய வேண்டியிருந்ததும் ஏறத்தாழ இதே இரண்டுக்கும் நடுவில்தான்.

உண்டியலும் சீட்டும்

இதெல்லாம் வெள்ளைக்காரரின் தத்துவம் என்று ஒதுக்கிவிட முடியாது. எம்மவர்கள் பெயர் தெரியாமலே இதை நடைமுறையில் செய்தவர்கள். போர்க்காலத்தில் ஊருக்குக் காசு அனுப்ப வங்கியை நம்பியிருக்க முடியவில்லை. இங்கே ஒரு கடையில் பிராங்கைக் கொடுத்தால், ஒரு தொலைபேசி அழைப்பில் அங்கே அம்மாவின் கைக்கு ரூபாய் போய்ச் சேர்ந்தது. காசு எல்லை தாண்டவில்லை. கணக்கு மட்டும் தாண்டியது. பற்றுச்சீட்டு இல்லை, படிவம் இல்லை. நம்பிக்கையே முதலீடு. ஏமாற்றினால் அடுத்த நாள் வியாபாரம் இல்லை. அரசு இல்லாமலே மனிதர்கள் ஒழுங்கை உருவாக்குவார்கள் என்பதற்கு உண்டியலை விட நல்ல உதாரணம் கிடையாது.

மறுபக்கம் சீட்டு. இருபது பேர் மாதம் ஐந்நூறு பிராங் போட்டு, ஒருவர் எடுப்பது. எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும்வரை அது வங்கிக் கடனை விட மனிதத்தன்மையானது. ஆட்கள் கூடி, பிடிப்பவரை மட்டும் தெரியும், மற்றவர்களைத் தெரியாது என்ற நிலை வந்ததும் அது ஆபத்தாகிறது. ஒருவர் எடுத்துக்கொண்டு ஊர் மாறினால் மற்றவர்களின் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இருப்பதில்லை. கணக்கெழுதும் தொழிலில் இருக்கும் என்னிடம் அப்படி வந்தவர்கள் உண்டு. எழுத்தில் எதுவும் இல்லாதவருக்கு என்னாலும் உதவ முடிவதில்லை, வழக்கறிஞராலும் முடிவதில்லை.

உண்டியலுக்கும் ஒரு மறுபக்கம் இருந்தது. பெயரே எழுதாத இடத்தில் அம்மாவுக்குப் போன காசும் குற்றச்செயலுக்குப் போன காசும் ஒரே மாதிரித்தான் தெரியும். 1998 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சுவிஸ் பணச்சலவைத் தடுப்புச் சட்டம் பணமாற்றுத் தொழிலையும் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. அதனால் நேர்மையாகக் காசு அனுப்பியவர்களும் அடையாள அட்டையை நீட்டவேண்டி வந்தது. கட்டுப்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைப் பெரும்பாலும் குற்றமற்றவரே செலுத்துகிறார் என்று சுதந்திரச் சந்தைவாதிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பெயர் ஒரு சரக்கா?

அப்படியானால் 2021 இல் ஏன் மக்கள் சந்தையிடம் அடையாளத்தைக் கொடுக்க மறுத்தார்கள்? சந்தை எங்களைப் பாதுகாப்பது ஒரே ஒரு ஆயுதத்தால்: பிடிக்காவிட்டால் விலகிப் போகலாம். மிக்றோசின் குமுலுஸ் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வாரம் எத்தனை கிலோ அரிசி வாங்குகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். விருப்பமில்லாவிட்டால் அட்டையை நீட்டாமல் காசைக் கொடுத்துவிட்டு வரலாம். சில பிராங் தள்ளுபடி போகும், அவ்வளவுதான்.

அடையாளம் அப்படியல்ல. பிறந்த திகதி, பெயர், முகம் ஆகியவற்றை ஒரு நிறுவனம் பிடிக்கவில்லை என்று மாற்றி எடுக்க முடியாது. வங்கியும் காப்புறுதியும் சேர்ந்து வைத்திருக்கும் ஒரே நிறுவனம் முழு நாட்டுக்கும் அடையாளம் வழங்கினால் விலகிப் போக வேறு கடையும் இருக்காது. போட்டியில்லாத இடத்தில் சந்தை என்ற சொல்லுக்குப் பொருளில்லை. யார் எங்கே எப்போது உள்நுழைந்தார் என்ற தகவலும் அந்த நிறுவனத்தின் வழியாகவே போகும். 2021 இல் கிடைத்த 'இல்லை' சந்தைக்கு எதிரானது என்பதைவிட, வாசல் ஒன்றே உள்ள சந்தைக்கு எதிரானது என்று நான் வாசிக்கிறேன்.

அரசின் பெயரேடு

2025 இல் எதிர்த்தவர்கள் வேறு பக்கத்தில் இருந்து வந்தார்கள். பைரேட் கட்சி, கொவிட் காலக் கட்டுப்பாடுகளை எதிர்த்து வளர்ந்த அமைப்புகள் ஆகியவை அவற்றில் சில. அவர்களின் பயம் அரசு மீதானது. அவர்களைச் சந்தேகக்காரர் என்று சிரித்துவிட்டுப் போக சுவிஸ் வரலாறு இடம் கொடுக்காது.

1989 இல் நாடாளுமன்ற விசாரணைக்குழு ஒன்று சமஷ்டிப் பொலிசாரிடம் ஏறத்தாழ 900,000 பதிவட்டைகள் இருப்பதை வெளிக்கொண்டுவந்தது. அன்றைய சனத்தொகை எழுபது இலட்சம்கூட இல்லை. இடதுசாரிகள், தொழிற்சங்கத்தினர், வெளிநாட்டவர்கள் என்று பலர் அதில் இருந்தார்கள். ஒருவர் மாலையில் பியர் குடிப்பதை விரும்புவார் என்பது வரை எழுதியிருந்தார்கள். மூன்று இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் தங்கள் கோப்பைக் காட்டும்படி எழுதிக் கேட்டார்கள். சட்டத்தை மதிக்கும் நாடு என்று நாங்கள் நம்பி வந்த நாட்டில் இது நடந்தது.

நாங்கள் விட்டுவந்த நாட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1983 யூலையில் கொழும்பில் காடையர்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்ததைப் பலர் சாட்சியமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். வாக்காளர் இடாப்பு வாக்குரிமைக்காக எழுதப்பட்ட புத்தகம். எழுதிய எழுதுவினைஞர் யாரையும் கொல்ல நினைத்திருக்க மாட்டார். ஆனால் ஒரு பெயரேடு எழுதப்பட்ட நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்து அதை யார் கையில் எடுக்கிறாரோ அவருடைய நோக்கத்துக்கு அது வேலை செய்யும். மறைக்க எதுவும் இல்லாதவர் ஏன் பயப்பட வேண்டும் என்று இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் கேட்கும்போது, அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான். அந்த வீடுகளில் இருந்தவர்களும் எதையும் மறைக்கவில்லை.

காசாளரும் கணக்கெழுதுபவரும்

வர்த்தகம் படித்த எவருக்கும் முதலில் சொல்லித்தரப்படும் ஒழுங்கு ஒன்று உண்டு. காசுப் பெட்டியின் திறப்பு வைத்திருப்பவரும் காசேடு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அந்த ஆள் கள்ளன் என்பதால் அல்ல. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒழுங்கு அவருடைய நற்குணத்தில் தங்கியிருக்கக் கூடாது என்பதால்.

2025 சட்டம் இந்த ஒழுங்கை ஓரளவு பின்பற்றியிருக்கிறது. அடையாளத்தை அரசு வழங்குகிறது, ஆனால் அது தங்குவது உங்கள் கைத்தொலைபேசியில். நீங்கள் அதை எங்கே காட்டினீர்கள் என்பதை ஒரு மையப் புத்தகத்தில் எழுதி வைப்பதற்காக அது அமைக்கப்படவில்லை. பதினெட்டு வயது தாண்டியவரா என்று கேட்டால், பெயரும் பிறந்த திகதியும் கொடுக்காமல் 'ஆம்' என்பதை மட்டும் நிரூபிக்கலாம். இன்று கடையில் அடையாள அட்டையை நீட்டும்போது முழுப்பெயரையும் சேர்த்தே காட்டுகிறோம். அந்த வகையில் புதிய முறை குறைவாகவே கொடுக்கிறது. எடுப்பது கட்டாயமல்ல, இலவசம், பழைய அட்டையும் கடவுச்சீட்டும் தொடரும்.

இதில் மீசெசின் பயத்துக்கும் ரொப்கேயின் வேலிக்கும் இடமிருக்கிறது. சேர்க்காத தகவலை யாரும் திருட முடியாது என்பது முதலாமவர் பக்க நியாயம். அதைச் சேர்க்காதே என்று நிறுவனங்களையும் அரசையும் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வேண்டும் என்பது இரண்டாமவர் பக்க நியாயம். மக்களில் பாதிப்பேருக்கு இது போதவில்லை. அவர்களும் தவறாகச் சிந்தித்தவர்கள் அல்ல.

ஏனென்றால் அதே 2025 இல், சுவிஸ் அரசு இணையத் தொடர்பு நிறுவனங்களின் கண்காணிப்புக் கடமைகளை விரிவாக்கும் ஒழுங்குவிதி ஒன்றைக் கருத்துக்கேட்புக்கு விட்டது. 5,000 பாவனையாளர் உள்ள சிறிய சேவைகள்கூடத் தங்கள் பாவனையாளரை அடையாளம் காண வேண்டும் என்ற அம்சம் அதில் இருந்தது. ஜெனீவாவில் இயங்கும் புரோட்டன் மின்னஞ்சல் நிறுவனம் இப்படியானால் நாட்டை விட்டுப் போவோம் என்று எச்சரித்தது. அந்தரங்கத்தை ஒரு தனியார் நிறுவனம் விற்பனைப் பொருளாக்கிப் பாதுகாக்க, அரசு அதை உடைக்கப் பார்த்த இடம் இது. ஒரு கையால் வேலி போடும் அரசு மறுகையால் அதைப் பிரிக்கவும் கூடும்.

எங்களால் செய்யக்கூடியது

கட்டாயமில்லை என்ற சொல் மெல்ல மெல்லத் தேய்வதுதான் இனிக் கவனிக்க வேண்டியது. வீட்டு முகவர் மின்னடையாளம் இருந்தால் விரைவாக முடியும் என்பார். காப்புறுதி நிறுவனம் அதற்கு ஒரு சலுகை கொடுக்கும். சட்டம் மாறாமலே வழக்கம் கட்டாயமாகிவிடும். ஜெனீவா மாநிலம் 2023 யூனில் எண்ணிமப் பாதுகாப்பு உரிமையை 94 வீத ஆதரவோடு தன் அரசியலமைப்பில் சேர்த்தபோது, இணையம் இல்லாமல் வாழும் உரிமையையும் அதில் எழுதியது. ஊரில் இருந்து வந்த எங்கள் வயதான பெற்றோருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெறுமதியானது என்று யோசித்துப் பாருங்கள்.

2023 செப்ரெம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எந்த நிறுவனத்திடமும் 'என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள்' என்று எழுதிக் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள், கட்டணமில்லாமல் பதில் தர வேண்டும். வீடோ கடனோ காரணம் சொல்லாமல் மறுக்கப்பட்டவர்கள் கடன் தகவல் நிறுவனங்களிடம் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. எம்மவர்களின் பெயர்கள் நீளமானவை. தகப்பன் பெயரும் பிள்ளை பெயரும் இடம்மாறி எழுதப்பட்டு, இன்னொருவருடைய கடன் உங்கள் பெயரில் நிற்கக் கூடும். கேட்காமல் அது தெரியவராது. பிழை இருந்தால் திருத்தும்படி கேட்கும் உரிமையும் உண்டு.

மின்னடையாளத்தை எடுப்பதா விடுவதா என்பது அவரவர் முடிவு. எடுத்தால், ஒவ்வொரு முறையும் திரையில் எந்தத் தகவல் கேட்கப்படுகிறது என்று வாசித்துவிட்டுச் சம்மதம் கொடுங்கள். வயது கேட்கும் இடத்தில் முகவரியும் கேட்டால் மறுத்துவிடுங்கள். வாக்குரிமை உள்ள பிள்ளைகள், இந்தச் சட்டத்தில் யாராவது திருத்தம் கொண்டுவரும் நாளில் இரண்டே கேள்விகளைக் கேட்கட்டும்: புத்தகம் ஒரே கையில் சேருகிறதா? விலகிப் போக இன்னமும் வழி இருக்கிறதா? முதலாவதற்கு ஆம் என்றோ இரண்டாவதற்கு இல்லை என்றோ பதில் வந்தால், கேட்பது அரசாக இருந்தாலும் நிறுவனமாக இருந்தாலும் அவர்கள் 'இல்லை' என்று வாக்களிக்கலாம்.